கரகத்துக்கு முன் எந்தப் பாரதம்?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு முன்னறையில், மாதத்தின் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் மாலை நான்கு மணிக்குப் பதினொரு பேர் கூடிப் புத்தகம் படிக்கிறோம். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது வழக்கம். பதினொரு பேரில் மூன்று பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இந்த ஊரில் பிறந்து கன்னடப் பள்ளியில் படித்தவர்கள், அல்லது பள்ளிக்கே போகாதவர்கள். பொங்கல் கழிந்ததும் ஒரு பெரிய புத்தகத்தை எடுப்போம். கரகத்துக்குள் அதை முடித்துவிட வேண்டும் என்பது நாங்களே வகுத்துக்கொண்ட கணக்கு.

கரகம் என்றால் இந்த ஊரில் ஒரே ஒரு கரகம்தான். பேட்டைப் பகுதியில் தர்மராயர் கோயில் இருக்கிறது. பெயர் தர்மராயருக்கு, திருவிழா திரௌபதிக்கு. சைத்ர மாதப் பௌர்ணமி அன்று நள்ளிரவு தாண்டியபின், திகளர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் சேலை உடுத்தி, தன் மனைவியின் தாலியையும் வளையல்களையும் அணிந்து, மல்லிகை சூழ்ந்த கரகத்தைத் தலையில் ஏந்தி வெளியே வருவார். கையால் தொடக் கூடாது. சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று மரியாதை பெற்றுக்கொண்டு, பேட்டைத் தெருக்களைச் சுற்றி, விடியற்காலையில்தான் கோயில் திரும்பும். திகளர் என்பது கன்னடத்தில் தமிழரைக் குறித்த பழைய சொல். தோட்டக்காரர்களாக இந்த ஊரின் மண்ணைக் கொத்திய அந்த மக்களின் தாய் திரௌபதி. எங்கள் குழுவில் மூத்தவரான பாட்டி அந்தச் சமூகத்தில் பிறந்தவர். எண்பதை நெருங்குகிறார். எழுத்து தெரியாது. கேட்பதில் அவருக்கு நிகர் எங்களில் யாரும் இல்லை.

இந்த ஆண்டு, பழைய காவியத்தைப் புதிதாகச் சொல்லும் நாவல்களில் ஒன்றை எடுப்பது என்று முடிவானது. எது என்பதில்தான் பிரிவு. மார்கழி முழுவதும் அதே பேச்சு. நானும் பக்கத்துத் தெருவில் இருக்கும் தோழி ஒருவரும் பட்டியலில் வந்த நாவல்களை மறுபடி படித்துவிட்டுச் சொல்வதாக ஏற்றுக்கொண்டோம். அப்படிப் படித்து நான் எட்டிய முடிவையும், அதற்கான காரணங்களையும், இதே கேள்வியோடு இருக்கும் மற்ற வாசிப்புக் குழுக்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு கிளை வழக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோ ஏறி வரும் இளைஞர் ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. எதற்கு மறுபடி பாரதம் என்பது அவர் கேள்வி. அமெரிக்கர் பெர்சிவல் எவரெட் 2024இல் எழுதிய ‘ஜேம்ஸ்’ நாவலை அவர் முன்வைத்தார். மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் கதையில் தப்பியோடும் அடிமையாக வரும் ஜிம், இதில் தன் வாயால் தன் கதையைச் சொல்கிறான். 2025இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதற்கும் முந்தைய வழிகாட்டியாக, ஜீன் ரீஸ் 1966இல் எழுதிய நாவலையும் அவர் சொன்னார். ‘ஜேன் அயர்’ நாவலில் பைத்தியம் என்று மாடியறையில் பூட்டிவைக்கப்பட்ட பெண்ணுக்கு ஊரும் பெயரும் இளமையும் கொடுத்த புத்தகம் அது. இரண்டும் அருமையான நாவல்கள். ஆனால் மூலத்தைத் தெரியாதவர்களுக்கு மறுகூறல் பாதிக் கதைதான். பாட்டிக்கு ஜிம் யார் என்று விளக்கிவிட்டு ஜேம்ஸுக்குப் போவதற்குள் கரகம் வந்துவிடும். பாரதமோ எங்கள் பதினொரு பேருக்கும் பால்குடியோடு வந்தது.

இன்னொன்றும் அந்த இளைஞரிடம் சொன்னேன். வாய் மூடப்பட்டவளுக்கு வாய் கொடுப்பதைக் கற்றுக்கொள்ள நாம் வெளியே போக வேண்டியதில்லை. ஜீன் ரீஸுக்கு இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1943இல், புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ எழுதிவிட்டார். சில பக்கங்கள்தான். ராமன் காலடி பட்டுக் கல்லிலிருந்து எழுந்த அகலிகை, வனவாசம் முடிந்து திரும்பிய சீதையைச் சந்திக்கிறாள். தீக்குளிக்கச் சொன்னது ராமன் என்று அவள் வாயால் கேட்கிறாள். மறுபடி கல்லாகிவிடுகிறாள். கம்பனையோ வால்மீகியையோ ஒரு வரி கூட அவர் அழிக்கவில்லை. அவர்கள் இருவரும் அகலிகையை விட்டுவிட்டுப் போன இடத்தில் போய் நின்றார், அவ்வளவுதான். அதன்பின் ராமாயணத்தில் அக்கினிப் பிரவேசப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம், எங்கோ ஒரு ஆசிரமத்தில் ஒருத்தி இதைக் கேட்கப் போகிறாளே என்று மனம் பதறுகிறது. மறுகூறல் நாவலுக்கு என்னிடம் இருக்கும் தராசு இதுதான். மூலம் பேசாமல் கடந்து போகும் இடத்தில் இந்த நாவல் நிற்கிறதா? நின்ற பிறகு, மூலத்தை நான் பழையபடி படிக்க முடிகிறதா?

பாரதத்தில் அப்படிப்பட்ட இடங்கள் நூறு உண்டு. ஒப்பிட வசதியாக இரண்டை எடுத்துக்கொண்டேன். ஒன்று, குந்தி பிள்ளைகள் பெற்றது. மந்திரம் சொன்னாள், தர்மதேவன் வந்தான், வாயு வந்தான், இந்திரன் வந்தான் என்று மூலம் சொல்லிவிடுகிறது. அவளுக்கு அது எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. மற்றது, மகாபிரஸ்தானம். எல்லாம் முடிந்து ஐவரும் திரௌபதியும் இமயத்தில் ஏறுகிறார்கள். முதலில் விழுவது அவள். ஏன் விழுந்தாள் என்று பீமன் கேட்கிறான். அர்ஜுனன் மேல் அவளுக்குக் கூடுதல் பற்று இருந்தது என்று தர்மன் பதில் சொல்கிறான். திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். வில்லிபுத்தூரார் பத்துப் பருவங்களோடு நிறுத்திக்கொண்டதால் அவருடைய பாரதத்தில் இந்தக் காட்சி கிடையாது.

ஆனால் பேட்டையில் உண்டு. பாட்டி சொல்லும் கதையில் விழுந்தவள் கண் விழிக்கிறாள். கணவர்கள் போய்விட்டார்கள். எதிரில் திமிராசுரன் நிற்கிறான். அவள் ஆதிசக்தியாகி, தன் உடலிலிருந்து வீரகுமாரர்களைப் படைத்து, அவனை அழிக்கிறாள். பிறகு அவள் விண்ணுலகம் புறப்படும்போது வீரகுமாரர்கள் போகாதே என்று அழுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறாள். அந்த வாக்கைக் காப்பாற்ற வருவதுதான் கரகம். எந்த நாவலாசிரியரும் எழுதும் முன்பே, அந்த மௌனத்தில் இந்த ஊர் மக்கள் நின்றிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் படிக்கப்படும் நாவல் இந்தக் கதையின் பக்கத்தில் வைக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பட்டியலில் மிகச் சிறியது எம்.வி. வெங்கட்ராமின் ‘நித்யகன்னி’. ‘மணிக்கொடி’ இதழின் மரபில் வந்த கும்பகோணத்துக்காரர். உத்தியோக பருவத்தில் கிளைக்கதையாக வரும் மாதவியை எடுத்துக்கொண்டார். விசுவாமித்திரர் கேட்ட குருதட்சிணை, ஒரு காது மட்டும் கறுத்த எண்ணூறு வெண்குதிரைகள். அதைத் திரட்டப் புறப்பட்ட காலவனுக்கு, யயாதி தன் மகள் மாதவியைத் தானமாகக் கொடுக்கிறான். மூன்று அரசர்கள். ஆளுக்கு இருநூறு குதிரைகள், ஆளுக்கு ஒரு பிள்ளை. குறைந்த இருநூறுக்கு விசுவாமித்திரருக்கே ஒரு பிள்ளை. ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் அவள் கன்னியாகிவிடுவாள் என்று ஒரு வரம். வரம் என்ற சொல்லை இதைவிடக் கொடுமையாக எங்கும் நான் பார்த்ததில்லை. வெங்கட்ராம் அந்த வரத்தின் உள்ளே போய், உடல் மறந்தாலும் மனம் மறக்காது என்பதைக் காட்டுகிறார். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு அடுத்த அரண்மனைக்கு நடப்பவளின் மார்பு கனப்பது தேவர்கள் கொடுத்த வரத்தில் சேருமா, சேராதா? இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். இரண்டு கூட்டங்களுக்கு ஏற்ற நாவல் வேண்டும் என்று யாராவது கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். மூன்று மாதம் தாங்கும் அகலம் இதில் கிடையாது, அது குறையும் இல்லை.

எஸ். ராமகிருஷ்ணனின் ‘உப பாண்டவம்’ 2000இல் வந்தது. பாரதத்தின் பெருவழியை விட்டு, ஓரத்தில் நிற்பவர்களைத் தேடிப் போகும் நாவல். வரிசைப்படி கதை சொல்லாது. கனவில் ஒரு நகரத்தைச் சுற்றிப் பார்ப்பது போல இருக்கும். தனியாக, இரவில், மெதுவாகப் படிக்க எனக்கு மிகவும் பிடித்தது. பத்துப் பேர் நடுவில் உரக்க வாசித்தபோது என்ன ஆனதென்றால், யார் யாருடைய மகன், இது எந்தக் காலம் என்று பாதி நேரம் விளக்கத்திலேயே போயிற்று. அந்த உரைநடைக்கு மௌனம் தேவை. கூட்டத்துக்கு அது சரிவராது.

எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் ஜெயமோகனின் ‘வெண்முரசு’தான் வேண்டும் என்றார். 2014 புத்தாண்டு அன்று தொடங்கி 2020இல் முடிந்த இருபத்தாறு நாவல்கள். அவர் அனைத்தையும் படித்தவர், சிலவற்றை இரண்டு முறை. அந்த உழைப்பின் முன் நான் தலை வணங்குகிறேன், எழுதியவருக்கும் படித்தவருக்கும். ஆனால் அது ஒரு குழு மூன்று மாதத்தில் எடுக்கும் வேலை இல்லை, ஒரு வாழ்க்கையின் சில ஆண்டுகளைக் கொடுத்துச் செய்ய வேண்டியது. அதிலிருந்து ஒன்றைத் தனியாக எடுக்க வேண்டுமென்றால் ராதையையும் கண்ணனையும் பாடும் ‘நீலம்’ தனித்து நிற்கும் என்று அவரே சொன்னார். ஜெயமோகனே எழுதிய ‘கொற்றவை’யையும் இன்னொருவர் சொன்னார். சிலப்பதிகாரத்தைத் தனித்தமிழ் உரைநடையில் புதுக்காப்பியமாக வடித்த நூல், 2005இல் வெளிவந்தது. எழுத்து தெரியாதவர்களுக்குக் காதால் கேட்டு அந்த மொழியைத் தொடர்வது பெரும்பாடு. இரண்டையும் வைத்துவிட்டோம்.

மலையாளத்திலிருந்து வந்தவை இரண்டு. பி.கே. பாலகிருஷ்ணன் 1973இல் எழுதி, ஆ. மாதவன் தமிழாக்கிய ‘இனி நான் உறங்கட்டும்’ கர்ணனின் கதை. போர் முடிந்து, அவன்தான் மூத்தவன் என்று தெரிந்தபின் திரௌபதியின் மனம் வழியாக அவனைப் பார்க்கிறது. அவள் துக்கத்துக்கு அதில் இருக்கும் இடம் பெரியது. ஆனாலும் படித்து முடித்ததும் கையில் நிற்பவன் கர்ணன். கர்ணனுக்காக அழத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கூத்திலும் திரையிலும் மூன்று தலைமுறையாக அழுதுகொண்டுதான் இருக்கிறோம்.

மற்றது எம்.டி. வாசுதேவன் நாயரின் ‘இரண்டாம் இடம்’. மலையாளத்தில் 1984இல் ‘ரண்டாமூழம்’ என்று வந்தது. தமிழில் குறிஞ்சிவேலன் மொழிபெயர்த்தார். ஊழம் என்றால் முறை. திரௌபதியோடு வாழும் முறையில் பீமனுடையது இரண்டாவது. தமிழில் இடம் என்று ஆனதும் அந்த முறைக்கணக்கு மறைந்து தரவரிசை மட்டும் நிற்கிறது. அதனால் நாவலின் வலி குறையவில்லை என்றாலும், படிக்கத் தொடங்கும் முன் இந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வது நல்லது. யாராலும் முதலில் நினைக்கப்படாதவன், எல்லாராலும் முதலில் அனுப்பப்படுபவன். இடும்பனை அடிக்க அவன், பகனை அடிக்க அவன், கீசகனை அடிக்க அவன். சௌகந்திக மலர் வேண்டுமா, அவன்தான் போக வேண்டும். கொண்டுவந்து கொடுத்தபின் அவள் யாரைப் பார்க்கிறாள்?

இந்த நாவல் தொடங்குவதே நான் சொன்ன அந்த மலையில்தான். கடல் கொண்ட துவாரகையைப் பார்த்துவிட்டு ஆறு பேரும் நடக்கிறார்கள். திரௌபதி விழுகிறாள். தர்மன் நடந்துகொண்டே இருக்கிறான், மற்றவர்களும். பீமன் நின்றுவிடுகிறான். திரும்பி வருகிறான். சொர்க்கத்துக்குப் போகும் பாதையில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற விதியை மீறி, தன்னை ஒருபோதும் முதலில் நினைக்காத பெண்ணின் பக்கத்தில் போய் உட்காருகிறான். கதையின் எஞ்சிய பகுதி முழுவதும் அந்த ஒரு திரும்புதலுக்கான விளக்கம்தான். இந்த இடத்தை நான் எத்தனை முறை படித்திருக்கிறேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருக்க வேண்டியிருக்கிறது. மூலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவன் பீமன். வாசுதேவன் நாயர் அதைக் கவனித்திருக்கிறார். ஏன் விழுந்தாள் என்று கேட்க ஒருவன் இருந்தான் என்றால், அவனுக்கு அவள்மேல் நடையைவிட அக்கறை இருந்திருக்கும் என்று கண்டிருக்கிறார். வியாசர் விட்டுச்சென்ற மௌனங்களையே தான் எழுதியதாக அவர் சொன்னதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டாம்.

குந்தியின் இடத்திலும் அவர் நிற்கிறார். வாயுவின் மகன் என்று வாழ்நாள் முழுவதும் நம்பி, அந்தத் தந்தையை மனத்துக்குள் அழைத்து வளர்ந்தவனிடம், கடைசிக் காலத்தில் தாய் சொல்கிறாள். காட்டிலிருந்து புயல் போல வந்த ஒரு காட்டாளன். பெயர் கூடக் கிடையாது. ஆனால் அந்தக் காட்சியில் நாம் பீமனோடுதான் இருக்கிறோம். அவன் தலையில் இடி விழுந்ததை உணர்கிறோம். அந்தக் காட்டாளனை எதிர்கொண்ட இளம்பெண் என்ன உணர்ந்தாள் என்பது அப்போதும் தெரிவதில்லை. ஒருவன் கண் வழியாகவே முழு நாவலும் நகர்வதால் வரும் எல்லை இது. அந்த எல்லைதான் அதன் கட்டுக்கோப்புக்கும் காரணம். தனியாக ஒரே ஒரு பாரத நாவல் படிக்கப் போகும் ஒருவர் என்னிடம் கேட்டால், தயங்காமல் ‘இரண்டாம் இட’த்தைக் கொடுப்பேன். டிசம்பர் கூட்டம் வரை எங்கள் குழுவுக்கும் அதையே சொல்வதாக இருந்தேன்.

மாற்றியது குந்தி. எஸ்.எல். பைரப்பாவின் ‘பர்வ’ 1979இல் கன்னடத்தில் வந்தது. தமிழில் ‘பருவம்’ என்று கொண்டுவந்தவர் பாவண்ணன். எங்கள் ஊரிலேயே வாழும் எழுத்தாளர். அந்த மொழிபெயர்ப்புக்கு 2005இல் சாகித்திய அகாதெமியின் பரிசு கிடைத்தது. கன்னடத் தலைப்பில் நூற்பகுதி என்ற பொருள்தான் முன்னிற்கிறது. வில்லிபுத்தூரார் ஆண்ட அதே சொல்லாகத் தமிழுக்கு வந்ததும் வயது, காலம், விளைச்சல் என்று அது கிளை விட்டுவிடுகிறது. ஊழம் இடமாகி இழந்ததை, பர்வம் பருவமாகி ஈட்டியிருக்கிறது.

பைரப்பா தேவர்களை எடுத்துவிட்டார். வரம் இல்லை, சாபம் இல்லை, வானத்திலிருந்து சேலை வராது. மத்ர நாட்டு முதிய அரசன் சல்லியனின் வீட்டுக் கவலைகளில் நாவல் தொடங்குகிறது. போருக்கு இருபக்கமும் ஆள் சேர்க்கிறார்கள் என்ற செய்தி அங்கே வந்து சேர்கிறது. அப்புறம் ஒவ்வொருவர் மனத்துக்குள்ளும் நீண்ட நேரம் போய் உட்காருகிறோம். குந்தி, திரௌபதி, பீமன், கர்ணன், பீஷ்மர், துரோணர் என்று எல்லாரும் போருக்கு முன் தங்கள் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறார்கள். குருக்ஷேத்திரமோ, அத்தனை ஆயிரம் பேருக்குக் குடிக்கத் தண்ணீர் எங்கே, மலம் கழிக்க இடம் எங்கே, அழுகும் பிணங்களை யார் எடுப்பார்கள் என்ற கேள்விகளோடு வருகிறது. அந்தப் பக்கங்களைச் சாப்பாட்டு நேரத்துக்கு முன் படிக்க வேண்டாம். போரைப் பற்றிப் பேசும் யாரும் அவற்றைப் படிக்காமல் விடவும் வேண்டாம்.

டிசம்பர் மூன்றாம் ஞாயிறு, ஒப்பிட்டுக் காட்டுவதற்காக இரண்டு நாவல்களிலிருந்தும் சில பக்கங்களை வாசித்தோம். ‘இரண்டாம் இட’த்திலிருந்து மலைக் காட்சி. எல்லார் கண்ணிலும் நீர். பாட்டி மட்டும், “நல்ல பிள்ளை, திரும்பி வந்தான்” என்று தலையசைத்தார். பிறகு ‘பருவ’த்தில் குந்தியின் பகுதி. பிள்ளைகள் காட்டுக்குப் போனபின் விதுரன் வீட்டில் தங்கியிருக்கும் முதியவள் நினைத்துப் பார்க்கிறாள். கணவனின் இயலாமை. அவன் சொல்லித்தான், இமயத்தின் மேலே வாழும் தேவர் என்ற மக்கள் கூட்டத்து ஆண்களை அவள் ஏற்றது. பீமனின் தந்தை அவர்களின் சேனைத் தலைவன். அதன்பின் ஒவ்வொரு நாளும் கணவன் முகத்தைப் பார்க்க நேர்ந்தது. என் தோழி வாசித்தார். அறையில் சத்தமே இல்லை. பாட்டி என்ன நினைப்பாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். ஆண்டுதோறும் கோயில் வாசலில் கைகூப்பி நிற்கிறவர். சாமியை எடுத்துவிட்ட கதையைக் கேட்டு மனம் புண்படுமோ என்று வாசிக்கும் முன்பே அவரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

வாசித்து முடித்ததும் அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, “கண்ணு, சாமி வரவில்லை என்றால் இவ்வளவையும் அவள் ஒண்டியாகவா சுமந்தாள்?” என்றார்.

என் தராசில் முள் அப்போது நகர்ந்தது. தேவர்களை எடுத்ததால் பாரதம் சிறுத்துவிடும் என்று நானும் எண்ணியிருந்தேன். எடுத்தபோது அந்தப் பாரம் முழுவதும் மனிதர் தோளில், அதிலும் பெண்கள் தோளில் இறங்குகிறது என்பதை எழுத்து தெரியாத ஒருவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். மந்திரம் சொன்னாள், வாயு வந்தான் என்று இனி நான் படிக்கும்போது அந்தக் கேள்வி கூடவே வரும். புதுமைப்பித்தனின் அகலிகை எனக்குச் செய்ததை இந்தக் குந்தி அன்றைக்குச் செய்தாள்.

இரண்டாவது காரணம் எங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. என் மகன் கன்னடத்தை முதல் மொழியாக எடுத்துப் படித்தவன். தமிழ் எழுத்தை நான் சொல்லிக்கொடுத்தும், கடைப் பெயர்ப் பலகை அளவோடு நின்றுபோனது. அவனோடு ஒரு புத்தகத்தைச் சேர்ந்து படித்தது அவன் சிறுவனாக இருந்தபோது, படக்கதை நாள்களோடு சரி. இந்த மாதம் அவன் கன்னட ‘பர்வ’வை எடுத்தான், நான் தமிழ்ப் ‘பருவ’த்தை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மேஜையின் எதிரெதிர்ப் பக்கம். அவன் ஒரு பத்தியைக் கன்னடத்தில் வாசிப்பான், நான் அதே இடத்தைத் தமிழில் விரல் வைத்துத் தொடர்வேன். ஒரு சொல்லுக்கு என்ன போட்டிருக்கிறார் பார் அம்மா என்பான். சில இடங்களில் ஒரே சொல்தான், எழுத்து மட்டும் வேறு. சில இடங்களில் பாவண்ணன் வேறு சொல்லைத் தேர்ந்திருப்பார். ஏன் என்று இருவரும் யோசிப்போம். ஒரு நாள் சல்லியனின் பகுதி முடிய மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் இரண்டு தலைமுறையும் தத்தம் எழுத்தில் ஒரே நாவலைப் படிக்க முடிவது அரிது. பிள்ளைகள் தமிழ் படிக்கவில்லையே என்று வருந்தும் பெற்றோருக்கு இதை நான் முதன்மையாகச் சொல்வேன்.

‘பருவ’த்தின் குறைகளையும் குழுவிடம் மறைக்கவில்லை. பைரப்பா தத்துவப் பேராசிரியர். சில பகுதிகளில் அந்தக் காலத்து மணமுறை, கணவன் அல்லாத ஒருவர் வழியாகப் பிள்ளை பெறும் நியோகம், தாய்வழி, தந்தைவழி என்று பாத்திரங்களே பாடம் நடத்துவது போல ஆகிவிடுகிறது. ஒரே நிகழ்ச்சி பலர் நினைவில் திரும்பத் திரும்ப வருவதால் சலிப்பு தட்டும். வாசுதேவன் நாயர் ஒரு வரியில் நம்மை வீழ்த்தும் இடத்துக்கு, இவருக்கு ஐந்து பக்கம் வேண்டியிருக்கிறது. அழகுக்காகப் படிப்பவர் ‘இரண்டாம் இட’த்தைத்தான் விரும்புவார், அதில் பிழையும் இல்லை. தடித்த புத்தகம் வேறு. கரகத்துக்குள் ஆறு கூட்டங்களே இருக்கின்றன. வீட்டில் படித்துவிட்டு வந்து, கூட்டத்தில் தேர்ந்த பகுதிகளை மட்டும் வாசிப்பது என்று வழக்கத்தை மாற்றினால்தான் முடியும். எழுத்து தெரியாதவர்களுக்கு வாரநாளில் யாராவது போய் வாசித்துக் காட்ட வேண்டும்.

ஆனால் அந்தத் தடிமனிலேயே ஒரு வசதியும் இருக்கிறது. பல குரல்களில் பிரிந்திருப்பதால் ஆளுக்கு ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய பகுதியை நன்றாகப் படித்து, கூட்டத்தில் அவர் பக்கம் நின்று பேசலாம். ‘இரண்டாம் இட’த்தில் நாங்கள் பதினொரு பேரும் பீமனாக மட்டுமே இருக்க முடியும். ‘பருவ’த்தில் பீஷ்மரிடம் துரோணர் கணக்குக் கேட்கலாம். ஒரு குழுவின் வாசிப்புக்கும் தனி ஆளின் வாசிப்புக்கும் உள்ள வேறுபாட்டை இங்கேதான் நான் தெளிவாக உணர்ந்தேன்.

பைரப்பா 2025 செப்டம்பரில் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டு டிசம்பரில் வாசுதேவன் நாயர். ஒரே பாரதத்தின் இரு வேறு மௌனங்களில் நின்ற இருவரும் ஓராண்டுக்குள் போய்விட்டார்கள். இந்த ஆண்டு இவர்களில் ஒருவரை எடுப்பது என்று எல்லாரும் மனமொத்ததற்கு அதுவும் காரணம்.

வாக்கெடுப்பில் ‘பருவ’த்துக்கு ஏழு, ‘இரண்டாம் இட’த்துக்கு நான்கு. ஒயிட்ஃபீல்டு இளைஞர் ‘பருவ’த்துக்குக் கை தூக்கினார். கர்ணனைத் தனக்குக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை. எச்.ஏ.எல். நண்பர் பீஷ்மரை எடுத்துக்கொண்டார். பாட்டிக்குக் குந்தி. அவர் வீட்டுக்குப் புதன்கிழமைதோறும் போய் வாசிப்பது என் தோழியின் பொறுப்பு. ‘இரண்டாம் இட’த்துக்கு வாக்களித்த நால்வரும் பீமனைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். பிரதிகளுக்காக சென்ட்ரல் காலேஜ் வளாகத்தில் இருக்கும் சாகித்திய அகாதெமி அலுவலகத்துக்கு ஒருவர் போகிறார். தமிழோடு கன்னடப் பிரதிகளும் மூன்று வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கன்னடப் பிரதியை அங்கே தராவிட்டால் அவென்யூ சாலையில் தேடலாம்.

திரௌபதியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அவளுடைய பகுதியைக் கரகத்துக்கு முந்திய ஞாயிறு அன்று என் மகன் கன்னடத்திலும் நான் தமிழிலும் மாறி மாறி வாசிக்கிறோம். அன்றைக்கு நான்கு மணி வேண்டாம், இரண்டு மணிக்கே தொடங்க வேண்டும் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். அவளை நடுவழியில் விட்டுவிட்டு யாரும் எழுந்து போகக் கூடாதாம்.